எங்கள் அண்ணியும் மணல் கூட்டும் மெஷினும்

எங்கள் அண்ணியைப் பற்றி எங்கிருந்து தொடங்குவது என்று நான் யோசிக்கவே இல்லை. தரையிலிருந்துதான் தொடங்க வேண்டும். அதுவும் சாதாரணத் தரை இல்லை, இரும்பு வார்ப்புத் தொழிற்சாலையின் தரை. உருக்கிய இரும்பை மணல் அச்சில் ஊற்றி, இறுகிய பிறகு அச்சை உடைத்துச் சாமானை வெளியே எடுப்பார்கள். உடைந்த மணல் அத்தனையும் கீழே கிடக்கும். அதோடு தெறித்து விழுந்த இரும்புப் பொட்டுகள், கருகிய எண்ணெய், மூச்சு விட்டால் கண்ணில் ஏறுகிற கருந்தூசி. அந்தத் தரையைத் தன் ஆயுளில் பாதிக்கு மேல் அண்ணி ஒருவரே கூட்டினார். அவர் கூட்டிய தரையில் விழுந்த ஊசியைக் குனியாமலே பார்க்கலாம் என்று அங்கே வேலை செய்தவர்கள் சொல்வார்கள். நான் சொன்னால் சொந்தக்காரன் சொல்கிறான் என்பீர்கள். அவர்களையே கேட்டுப் பாருங்கள்.

என்னைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் கதை நகராது. நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். இன்று தொழிற்சாலைகளுக்கு வேண்டிய பிரஷ், துடைப்பம், உருளை எல்லாம் செய்கிற பட்டறை எனக்கு இருக்கிறது. தெருமுனையில் நின்று "பிரஷ்காரர் வீடு" என்று கேட்டால் போதும், கடைக்காரர் எழுந்து வந்து கை காட்டுவார். தற்பெருமை என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். உழைத்துச் சேர்த்த பெருமையைப் பெட்டியில் பூட்டி வைக்கிற பழக்கம் எனக்கு இல்லை. ஆனால் அந்தப் பெருமையில் அண்ணியின் பங்கை நான் ஒருநாளும் தின்றது கிடையாது.

என் அண்ணன் அந்தத் தொழிற்சாலையில் உலை பார்த்தவர். நெஞ்சு கெட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. குழந்தை இல்லை. வீட்டில் மிச்சம் அண்ணியும், மீசை அரும்பிய நானும். கம்பெனிக்காரர்கள் அண்ணியைக் கூப்பிட்டு, "உங்களுக்கு என்ன வேலை தெரியும்?" என்று கேட்டார்கள்.

"வீடு கூட்டத் தெரியும். உங்க வீடு கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான்" என்றாராம் அண்ணி. அன்றைக்கே துடைப்பத்தைக் கையில் கொடுத்துவிட்டார்கள்.

தேய்ந்துபோன துடைப்பங்களை அண்ணி அடுப்பெரிக்க வீட்டுக்குக் கொண்டுவருவார். தள்ளிக் கூட்டுகிற அகலமான துடைப்பம். நீளக் கட்டையில் வரிசையாகத் துளை, துளைக்கொரு கொத்து நார். நார்தான் தேய்ந்திருக்குமே தவிர, கட்டை கல் மாதிரி இருக்கும். அதை அடுப்பில் வைக்க எனக்கு மனசு வரவில்லை. பழைய நாரைப் பிடுங்கி எறிந்துவிட்டு, கயிற்றுக் கடையில் பனை நார் வாங்கி, ஒவ்வொரு கொத்தாக மடித்து, கம்பியால் இழுத்துத் துளைக்குள் இறுக்கினேன். எவனும் சொல்லிக் கொடுக்கவில்லை. பிடுங்கும்போதே எப்படிக் கட்டியிருக்கிறான் என்று கண்ணால் திருடிக்கொண்டேன்.

பெருமையோடு அண்ணியிடம் கொடுத்தேன். சாயங்காலம் திரும்பி வந்து மூலையில் எறிந்தார்.

"என்ன அண்ணி?"

"முடி கொட்டுதுடா. உன் துடைப்பம் கூட்டறதைவிட, அது கொட்டறதை நான் கூட்டறதுதான் அதிகம்."

தொழிலின் முதல் பாடம் அது. ஒரு துளைக்கு எத்தனை நார் கொள்ளும் என்று விரல் நுனிக்குத் தெரிய வேண்டும். கொஞ்சம் குறைந்தால் கொட்டும்; கொஞ்சம் கூடினால் கட்டை பிளக்கும். நான் கற்றுக்கொண்டேன். அண்ணியும் விடவில்லை. புதுத் துடைப்பம் கொடுத்தால் பார்த்த மாத்திரத்தில் வாங்க மாட்டார். தரையில் வைத்து, கட்டையின் மேல் காலை ஊன்றி நார் நன்றாக மடங்கும்வரை அழுத்துவார். பிறகு தூக்கிப் பார்ப்பார்.

"மிதிச்சா எழுந்து நிக்கணும். படுத்தது படுத்தபடியே கிடக்கிற நாரை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? அதை எழுப்ப இன்னொரு ஆள் வேணும்."

இன்றைக்கும் என் பட்டறையில் நார்க் கட்டு வந்து இறங்கினால், முதலில் காலுக்குக் கீழேதான் போகும்.

பிறகு பிளாஸ்டிக் நார் வந்தது. சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று மயில் தோகை மாதிரி கட்டுக் கட்டாக. விலையும் மலிவு, வெட்டவும் சுலபம், பூச்சி அரிக்காது, தண்ணீரில் ஊறாது. நான் மயங்கிப் போனேன். நெருப்பு மாதிரி சிவப்பில் ஒரு துடைப்பம் செய்து அண்ணிக்குக் கொடுத்தேன். ஒரு வாரம்கூட ஆகவில்லை. நுனியெல்லாம் உருகி உருண்டை உருண்டையாகத் திரண்ட துடைப்பத்தை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"பாரு, உன் துடைப்பத்துக்கு மரு முளைச்சிருக்கு."

சூடான இரும்புப் பொட்டு மேலே பட்டால் பனை நார் கருகும். கருகின நுனி தானே உதிர்ந்துவிடும், அடியில் நல்ல நார் இருக்கும். பிளாஸ்டிக் அப்படி இல்லை, உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதற்காகப் பிளாஸ்டிக்கை நான் ஒதுக்கிவிடவில்லை. மீன் கழுவுகிற கூடத்துக்கும் பால் பண்ணைக்கும் அதுதான் சரி. நைலானைக் கொடுத்தால் தண்ணீரைக் குடித்துத் துவண்டுவிடும். காய்ந்த இடத்தில் அதே நைலான் சிங்கம். பெயிண்ட் அறைக்கு இரும்புக் கம்பிப் பிரஷ் ஆகவே ஆகாது, பொறி பறக்கும். அங்கே பித்தளைக் கம்பி. ரொட்டித் தொழிற்சாலைக்கு நீல நிற நார், ஏனென்றால் நீல நிறத்தில் ரொட்டி கிடையாது, ஒரு முடி விழுந்தாலும் கண்ணில் குத்தும். ஒரே நாரைக் குட்டையாக வெட்டினால் முரடு, நீளமாக விட்டால் சாது.

என் பட்டறைக்கு வந்து "ஒரு பிரஷ் வேணும்" என்பவரை நான் லேசில் விடமாட்டேன். என்ன தரை, என்ன குப்பை, ஈரமா, காய்ந்ததா, எவ்வளவு சூடு, எண்ணெய் உண்டா, அமிலம் உண்டா. "டாக்டர்கூட இவ்வளவு கேக்க மாட்டார்" என்று சலித்துக்கொள்வார்கள். "டாக்டர் கொடுக்கிற மருந்து ஒரு ஆளுக்கு. நான் கொடுக்கிற பிரஷ் ஒரு கம்பெனிக்கு" என்பேன்.

எனக்குக் கல்யாணம் செய்து வைத்ததும் அண்ணிதான். மனைவியோடு கூடவே அவளுடைய அண்ணன், என் மச்சானும் பட்டறைக்கு வந்து சேர்ந்தார். துளை போடுவதில் அவருக்கு ஈடு கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு போட்டாலும் வரிசை விலகாது. வாய்தான் கொஞ்சம் அதிகமாக ஓடும். அண்ணி தனியே பக்கத்துச் சந்தில் ஒற்றை அறையில் குடியிருந்தார். "வந்து எங்களோடு இருங்கள்" என்று நானும் என் மனைவியும் சொல்லாத நாள் இல்லை. "என் கை ஓடற வரைக்கும் என் அடுப்பு எரியும்" என்பார். அத்தோடு பேச்சு முடிந்துவிடும்.

இப்படி இருக்கும்போதுதான் தொழிற்சாலைக்கு அந்த மெஷின் வந்தது.

மேலே ஏறி உட்கார்ந்து ஓட்டுகிற கூட்டும் மெஷின். முன்னால் சக்கரம், வயிற்றுக்குக் கீழே ஆள் உயரத்துக்குப் படுத்திருக்கிற உருளைப் பிரஷ், பின்னால் குப்பைத் தொட்டி. உருளை சுழன்று மணலை வாரித் தொட்டிக்குள் வீசும். அதை விற்ற கம்பெனி ஓட்டுவதற்கு ஒரு ஆளையும் அனுப்பியிருந்தது. ஆனால் உருளையில் இருந்தது பிளாஸ்டிக் நார். அண்ணியின் சிவப்புத் துடைப்பத்துக்கு நேர்ந்ததே அதற்கும் நேர்ந்தது. உருகி, திரண்டு, மணலை வாருவதற்குப் பதிலாகத் தரையில் கோடு கிழித்தது. இன்னும் ஒரு தடவை சோதிப்போம், சரிப்படாவிட்டால் மெஷினைத் திருப்பி அனுப்பிவிடுவோம் என்று மேனேஜர் முடிவு செய்தார். செய்துவிட்டு நேரே என் பட்டறைக்கு வந்தார்.

"பிரஷ்காரரே, சூடு தாங்கற மாதிரி, பொடி மணலையும் விடாம, இரும்புப் பொட்டையும் விடாம ஒரு உருளை வேணும். உங்களால முடியுமா?"

முடியுமா என்று என்னைக் கேட்டால் நான் என்ன சொல்வேன்? "இதைச் செய்ய வேற எவன் இருக்கான்?" என்று சொல்லி, டீ வரவழைத்துக் கொடுத்து அனுப்பினேன். அவர் போன பிறகு திரும்பிப் பார்த்தால், நார் சீவிக்கொண்டிருந்த என் மனைவி சீப்புப் பலகையை விட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன?"

"அந்த மெஷின் ஓட ஆரம்பிச்சா அக்காவுக்கு அங்க என்ன வேலைங்க?"

எனக்கு அது உறைக்கவே இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் வரை உருளைதான் கண்ணில் நின்றது, அண்ணி நிற்கவில்லை.

"வேலை போனா என்ன? நான் சோறு போட மாட்டேனா?"

"நீங்க போடுவீங்க. அவங்க திம்பாங்களா?"

நான் கம்பிச் சுருளைத் தேடுகிற மாதிரி உள்ளே போனேன்.

சாயங்காலமே அண்ணி வந்துவிட்டார். சேதி அதற்குள் எட்டியிருக்கிறது. வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"மேனேஜர் வந்தாராமே."

"வந்தாரு அண்ணி."

"என்னைக் கேட்டுல உட்காரச் சொல்றாங்க. நாற்காலி போட்டுத் தருவாங்களாம். வர்ற லாரியையும் போற லாரியையும் பார்த்துக்கிட்டு இருக்கணுமாம். நான் என்ன பூந்தொட்டியா, வாசல்ல வைக்க?"

நான் கையிலிருந்த நார்க் கொத்தைச் சீவ ஆரம்பித்தேன்.

"அந்த உருளையை நீ செய்யப் போறியா?"

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் மழுப்பியிருப்பார்கள். நான் மழுப்பவில்லை. "செய்யறேன்னு சொல்லிட்டேன் அண்ணி" என்றேன்.

அண்ணி தலையை ஆட்டினார். கோபமா, வருத்தமா, ஒன்றும் தெரியவில்லை. "செய்" என்று ஒரே வார்த்தை. திரும்பிப் போய்விட்டார். அதற்குப் பிறகு என்னோடு பேச்சில்லை. தினமும் வீட்டுக்கு வருவார், என் மனைவியோடு உட்காருவார். நான் எதிரே இருந்தாலும், "உன் புருஷன்கிட்ட சொல்லு, கூரையில தண்ணி ஒழுகுதுன்னு" என்பார். நானும், "உங்க அக்காகிட்ட சொல்லு, நாளைக்கு ஆள் அனுப்பறேன்னு" என்பேன். என் மனைவி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்து, "நான் என்ன தபால் ஆபீஸா?" என்று கத்திவிட்டாள்.

பட்டறையில் மச்சான் வேறு காதைக் கடித்தார்.

"மாப்ளே, நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதே. சீவாத நாரை உள்ளே வச்சுக் கட்டிடலாம். பார்க்க ஜோரா இருக்கும். ஒரு மாசத்துல படுத்துடும். மெஷின் தன்னால திரும்பிப் போயிடும். உன் அண்ணி வேலையும் நிக்கும், உனக்கும் யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. சூட்டுல போச்சுன்னு நினைப்பாங்க."

"யாருக்கும் தெரியாதா?"

"யாருக்குத் தெரியும்?"

"என் கைக்குத் தெரியும் மச்சான். நாளைக்கு இதே கையால நான் சோறு பிசையணும்."

மச்சான் துளை போடப் போய்விட்டார். இதைச் சொல்வதில் எனக்கு எந்தக் கூச்சமும் இல்லை: அந்த உருளையைப் போல இன்னொரு உருளையை இந்தக் கைகள் செய்ததில்லை. வெறும் கம்பி வைத்தால் இரும்புப் பொட்டு வரும், பொடி மணல் சந்து வழியாக நழுவிவிடும். வெறும் பனை நார் வைத்தால் பொடி வரும், பொட்டு நகராது. அதனால் நெளி நெளியாக வளைத்த எஃகுக் கம்பியையும், நான்கு தரம் சீவிய பனை நாரையும் ஒரே கொத்தில் கலந்து இறுக்கினேன். கம்பி முன்னால் போய்க் கிளறும், நார் பின்னால் வந்து வாரும். நாரைக் கம்பியைவிட ஒரு விரற்கடை நீளமாக விட்டேன். நார் சீக்கிரம் தேயும். தேய்ந்து வரும்போது இரண்டும் ஒரே மட்டத்துக்கு வரட்டும் என்ற கணக்கு. இந்தக் கணக்கெல்லாம் எந்தப் பள்ளிக்கூடத்திலும் கிடையாது.

உருளையில் துளைகள் நேர் வரிசையாக இருக்கக் கூடாது. அம்பு முனை மாதிரி, நடுவில் கூடி இரண்டு பக்கமும் சாய்ந்து போக வேண்டும். அந்தச் சாய்வுதான் சுழலும்போது மணலை ஓரத்திலிருந்து நடுவுக்குத் தள்ளிக்கொண்டு வரும். மெஷினில் இருந்த பழைய உருளையின் அம்பைப் பார்த்து வரைந்து வர மச்சானைத் தொழிற்சாலைக்கு அனுப்பினேன். மெஷினை ஜாக்கி போட்டுத் தூக்கினார்கள். மச்சான் அட்டையும் பென்சிலுமாக அடியில் புகுந்து மல்லாந்து படுத்து, அம்பு எந்தப் பக்கம் பார்க்கிறது, எத்தனை சாய்வு, எல்லாவற்றையும் அச்சு மாறாமல் வரைந்துகொண்டு வந்தார். அந்த அட்டையை உருளைக் கட்டையின் மேல் விரித்துத் துளை போட்டார்.

சோதனை நாள் காலை மேனேஜர், மெஷின் ஓட்டுகிற ஆள், வேலை முடிந்து கைகழுவப் போகிறவர்கள் என்று ஒரு கூட்டமே கொட்டகையில் நின்றது. அண்ணியும் தூணோரமாகத் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு நின்றார். என்னைப் பார்க்கவில்லை. தரை முழுக்க முந்தின ஷிப்டு உடைத்துப் போட்ட மணல்.

ஓட்டுநர் ஏறி உட்கார்ந்தார். உருளை சுழன்றது. கேட்கவே இனிமையாக இருந்தது. நார் தரையைத் தொடுகிற ஓசையில் ஒரு பிசிறு இல்லை. மெஷின் கொட்டகையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய் நின்றது.

போன தடத்தில் நடுப்பகுதி கண்ணாடி. ஆனால் தடத்தின் இரண்டு பக்கமும் வரப்பு கட்டின மாதிரி மணல் நீளமாகக் குவிந்து கிடந்தது. தொட்டியைத் திறந்து பார்த்தால் கைப்பிடி அளவுகூட இல்லை.

மச்சான் உருளையை எட்டிப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் உருளையைப் பார்த்தார். மேனேஜர் உதட்டைப் பிதுக்கி, "சரி, விடுங்க. மெஷினைத் திருப்பி அனுப்பிடலாம்" என்றார்.

அவ்வளவுதான். அண்ணி வாயைத் திறக்காமல் நின்றிருந்தால் போதும். துடைப்பம் அவர் கையில் இருந்தது, தரை எதிரே இருந்தது, வேலை அவருக்கே. நான் அவரைத்தான் பார்த்தேன். அவர் அந்த மணல் வரப்பையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு துடைப்பத்தைத் தூணில் சாய்த்து வைத்துவிட்டு, நேரே என்னிடம் வந்தார். அத்தனை நாள் கழித்து என் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"வேணும்னே பண்ணியா?"

"என்ன அண்ணி?"

"எனக்காக வேணும்னே கெடுத்தியான்னு கேக்கறேன். அண்ணி பாவம், வேலை போயிடக் கூடாதுன்னு தப்பா செஞ்சு கொண்டாந்தியா? எனக்குப் பிச்சை போடறியா, இத்தனை பேர் எதிர்ல?"

"இல்ல அண்ணி. சத்தியமா இல்ல. இதுக்கு மேல நல்லா எனக்குச் செய்யத் தெரியாது."

"அப்புறம் ஏண்டா குப்பையை வெளியே தள்ளுது? துடைப்பத்தைச் சாய்ச்சுத் தள்ளினா சாயற பக்கம் குப்பை ஓடும். இது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். நீ நடுவுல இருந்து ரெண்டு பக்கமும் வெளியே சாய்ச்சு வச்சிருக்கே. திருப்பிக் கட்டியிருக்கே."

மேனேஜர் உட்பட எல்லோரும் எங்களையே பார்த்தார்கள். மச்சான்தான் முதலில் வாயைத் திறந்தார். அவர் முகம் வெந்து போயிருந்தது.

"அக்கா, மாப்ளே மேல தப்பு இல்ல. நான்தான் வரைஞ்சேன். அடியில படுத்து, அம்பு எந்தப் பக்கம் பார்க்குதுன்னு பார்த்து, அப்படியே..."

அப்படியே நிறுத்திக்கொண்டார். அவருக்கே விளங்கிவிட்டது. எனக்கும் விளங்கியது. உருளை உருண்டை. அடிப்பக்கத்தில் பின்னால் பார்க்கிற அம்பு, பாதிச் சுற்று சுற்றி மேலே வந்தால் முன்னால் பார்க்கும். அடியிலிருந்து வரைந்த அட்டையை மேலே விரித்து மச்சான் துளை போட்டுவிட்டார். பலகையிலும் கட்டையிலும் துளை போட்டுப் பழகிய ஆளுக்குத்தான் இந்தத் தப்பு வரும். பலகைக்கு மேல் கீழ் உண்டு, அது சுற்றாது.

"படுத்துக்கிட்டு வேலை பார்த்தா இப்படித்தான் ஆகும் தம்பி" என்றார் அண்ணி.

கூட்டத்தில் ஒருவன் சிரித்தான். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். மச்சானும் வேறு வழியில்லாமல் சிரித்தார்.

"இப்ப என்ன செய்யறது? புதுசா செய்யணுமா?" என்றார் மேனேஜர்.

"எதுக்குப் புதுசு?" என்றார் அண்ணி. "துடைப்பத்தைத் திருப்பிப் பிடிக்கிற மாதிரி இதைத் திருப்பி மாட்டுங்க. இந்தத் தலை அந்தப் பக்கம் போகட்டும்."

தலைமாட்டைக் கால்மாட்டுக்குப் போட்டால் அம்பும் திரும்பிவிடும். மோட்டாரோடு கோக்கிற இரும்பு மூடி ஒரு முனையில்தான் இருந்தது, மறுமுனையில் வெறும் மூடி. இரண்டு மூடிகளையும் கழற்றி இடம் மாற்றிப் பூட்ட வேண்டும், அவ்வளவே. மச்சான் ஸ்பேனரோடு மண்டியிட்டார். நான் உருளையைப் பிடித்துக்கொண்டேன். அண்ணி எங்கள் தலைக்கு மேலே நின்று, "அந்தத் திருகைச் சரியா முடுக்கு. உன் தங்கச்சி முடி பின்னற மாதிரி தொளதொளன்னு விடாதே" என்று மச்சானை விரட்டினார்.

மறுபடியும் உருளை சுழன்றது. வரப்பாகக் கிடந்த மணல் இரண்டு பக்கத்திலிருந்தும் உள்ளே ஓடி, நடுவில் கூடி, தொட்டிக்குள் பாய்ந்தது. மெஷின் போன தடத்தில் ஒரு பொட்டு இல்லை, ஒரு பொடி இல்லை. தரையின் உண்மையான நிறம் என்ன என்பதையே அன்றுதான் பலர் பார்த்தார்கள். மேனேஜர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அண்ணி தூணில் சாய்த்த துடைப்பத்தை எடுக்கப் போய்க்கொண்டிருந்தார். அவருடைய வேலையை அவர் வாயாலேயே முடித்துவிட்டார்.

மேனேஜர் நல்ல மனிதர். அவருக்கும் அது புரிந்தது. "பெரியக்கா" என்று கூப்பிட்டார். தொழிற்சாலையில் அண்ணியை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். "கேட்டுல நாற்காலி தயாரா இருக்கு. இத்தனை வருஷம் உழைச்சுட்டீங்க. இனிமே நிம்மதியா உட்காருங்க."

அண்ணி நின்றார். துடைப்பத்தின் காம்பை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

"உட்காரத்தானே சொல்றீங்க?"

"ஆமா."

"அப்போ அதுல உட்கார்றேன்" என்று மெஷினின் சீட்டைக் காட்டினார்.

யாருக்கும் முதலில் புரியவில்லை. ஓட்டுநருக்குத்தான் முதலில் புரிந்தது, அவர் அவசரமாகச் சீட்டை விட்டு இறங்கினார்.

"பெரியக்கா, உங்களுக்கு ஓட்டத் தெரியுமா?"

"உங்க ஆளுக்குக் கூட்டத் தெரியுமா? ரெண்டு பக்கமும் மணல் குவியுது, திரும்பிக்கூடப் பார்க்காம நேரா போயிட்டாரு. ஓட்டறதை நான் கத்துக்கறேன். கூட்டறதை அவருக்கு யாரு கத்துக் கொடுக்கப் போறாங்க? தூணுக்கு அடியில இந்த மெஷின் போகாது, கைத் துடைப்பம்தான் போகும். அதையும் நான்தான் செய்யணும். ரெண்டுக்கும் ஒரே ஆள் போதும்."

"இவரு மெஷின் கம்பெனி ஆளு, கொஞ்ச நாள்ல எப்படியும் போயிடுவாரு" என்று மேனேஜர் தனக்குத் தானே சொல்லிக்கொள்வது போலச் சொன்னார். ஓட்டுநர் வேகமாகத் தலையாட்டினார். கருந்தூசியை விட்டுப் போக அவர் எப்போது என்று காத்திருந்திருப்பார் போலிருக்கிறது. மேனேஜர் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார். பிறகு, "கத்துக்கிட்டு ஓட்டிக் காட்டுங்க. அப்புறம் பேசலாம்" என்றார்.

கற்றுக்கொண்டார். சைக்கிள்கூட ஏறியறியாத மனுஷி. முதல் நாள் மெஷினை மணல் குவியலில் ஏற்றி, கீழே இறங்காமல், "இது ஏன் நிக்குது?" என்று கேட்டார். அடுத்த நாள் ஒரு தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டே அந்தக் கோடி வரை போய்விட்டார். வண்டிக்காரன் பின்னாலேயே ஓடினான். "வழியில நிறுத்தி வச்சது நீ, அதுக்கு நான் என்ன பண்றது?" என்று அவனுக்குத்தான் திட்டு. ஆனால் உருளையைத் தரையில் எவ்வளவு இறக்க வேண்டும், எவ்வளவு தூக்க வேண்டும் என்பதை ஓட்டுநர் விளக்க வாயெடுத்தபோது அண்ணி கையமர்த்திவிட்டார். இறக்கி, தூக்கி, காதால் கேட்டு, ஒரு இடத்தில் நிறுத்தினார். "இதுதான். இதுக்குக் கீழே போனா நுனி மடங்கி, கூட்டறதுக்குப் பதிலா மெழுகும்." ஓட்டுநர் அளவுகோலை வைத்துப் பார்த்துவிட்டு, அதைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

மேனேஜர் பார்க்க வேண்டும் என்று சொன்ன நாளன்று என்னையும் என் மனைவியையும் மச்சானையும் அண்ணியே வரச் சொல்லியிருந்தார். நல்ல வெளிச்சம். ஷிப்டு மாறுகிற நேரம். கொட்டகையின் ஓரம் நெடுக ஆட்கள் நின்றார்கள். அண்ணி தலையில் துணி கட்டி, மூக்கையும் மூடிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். மெஷின் கிளம்பியது. ஒரு தடத்துக்கும் அடுத்த தடத்துக்கும் நடுவில் கால் விரல் அகலம்கூட விடாமல், வயலில் உழுகிற மாதிரி வரிசை வரிசையாக எடுத்தார். தூண் வந்தால் வளைத்தார். எண்ணெய் சிந்திய இடம் வந்ததும் உருளையைத் தூக்கிக்கொண்டார். அதன் மேல் ஓட்டினால் நாரில் எண்ணெய் ஏறி மணல் அப்பிக்கொள்ளும். அதை யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

"என்னங்க, அக்கா சிரிக்கறாங்க பாருங்க" என்றாள் என் மனைவி. மூக்கு வரை துணி மூடியிருந்தது. கண்ணை வைத்துச் சொல்லியிருக்க வேண்டும்.

கடைசித் தடத்தை முடித்து, தொட்டியைக் கொட்டிவிட்டு, எங்களுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். மேனேஜர் தரையைச் சுற்றி நடந்து பார்த்தார். குனிந்து ஒரு விரலால் தேய்த்தும் பார்த்தார். "பெரியக்கா, இனிமே இது உங்க மெஷின்" என்றார்.

அண்ணி மூக்குத் துணியை இறக்கினார். "சரி. இந்த சீட்டு கல்லு மாதிரி இருக்கு. நாளைக்கே ஒரு மெத்தை போட்டுக் கொடுங்க."

பக்கத்தில் நின்ற ஆட்களிடம் நான், "எங்க அண்ணி" என்றேன். அவர்கள் அத்தனை பேருக்கும் அது தெரியும். இருந்தாலும் இன்னொரு தரம் சொன்னேன்.